ஆறடி ரெண்டு இஞ்ச் புடலங்காய்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். பக்கத்து வீட்டு ரோஸி சேச்சியோட புடலங்காயை எர்ணாகுளம் பார்க்ல கொண்டுபோய்க் கொடுக்கணும். அவ்வளவுதான்.

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்லிடறேன். நான் உமா. ராஜபாளையத்துக்காரி. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் மணி, ஏலக்காய் கோடவுன்ல சூப்பர்வைசர். நான் வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன். மலையாளம் பேசுவேன், மலையாளத்துல சண்டை போடுவேன், பேரம் பேசுவேன். வாசிக்கிறதுன்னா மட்டும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. எனக்கு ஞாபகம் இருந்திருந்தா நேத்து இவ்வளவு நடந்திருக்காது.

ஓணம் வந்தா, எர்ணாகுளத்துல காயல் ஓரமா இருக்கே பெரிய பார்க், அங்க ஒரு வாரம் ஒரே கொண்டாட்டம். பூக்கோலம், பாயசக் கடை, வடம்வலின்னு சொல்ற கயிறு இழுக்கிற போட்டி எல்லாம் உண்டு. அதோட வீட்டுத் தோட்டக்காரங்களுக்குன்னு ஒரு காய்கறிப் போட்டியும் உண்டு. பெரிய பூசணி, கனமான சேனை, நீளமான புடலங்காய்.

அந்த மூணாவதுலதான் ரோஸி சேச்சியோட மானம் மாட்டிக்கிட்டு இருக்கு.

நாலு வருஷமா புடலங்காய்ப் பரிசு சேச்சியோட தங்கச்சி மேரிக்குத்தான் போகுது. மேரி இருக்கிறது கும்பளங்கில. அங்க சொந்த மண்ணு, பந்தல் எல்லாம் இருக்கு. நம்ம சேச்சிக்கு இருக்கிறது மொட்டை மாடியும் பிளாஸ்டிக் பையில மண்ணும்தான். நாலு வருஷமும் ரெண்டாவது இடம். போன வருஷம் சேச்சி எல்லார் முன்னாடியும் "காம்பையும் சேர்த்து அளந்துட்டாங்க!"ன்னு சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து அக்காவும் தங்கச்சியும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த வருஷம் சேச்சி மாடியிலேயே குடியிருந்தாங்க. காயோட நுனியில கல்லு கட்டித் தொங்கவிட்டு, வெயிலுக்குக் குடை பிடிச்சு, தினமும் காலைல அதுகிட்ட பேசிட்டு வருவாங்க. அப்படிப் பேசிட்டு இறங்கும்போதுதான் திங்கக்கிழமை கால் பிசகிடுச்சு. கணுக்கால் பூசணி சைஸுக்கு வீங்கிடுச்சு. அந்தப் போட்டியில கலந்துக்கலாம் போல இருந்துச்சு.

மகன் துபாய்ல. வீட்ல வேற ஆள் இல்லை.

"மோளே, எனக்கு வேற ஆரு உண்டு?"ன்னாங்க சேச்சி. அவங்க பேசுறதுல பாதி மலையாளம், மீதி எனக்காகக் கத்துக்கிட்ட தமிழ்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "யோசிச்சுச் சொல்றேன் சேச்சி"ன்னு சொல்லியிருக்கணும். என் வாய் என்னைக் கேட்டா பேசுது?

"நானாச்சு சேச்சி! ஒரு காய்தானே!"

காயை இறக்கினப்புறம்தான் பார்த்தேன். நான் தைக்கிற டேப்பை எடுத்துட்டு வந்து நானே அளந்தேன். எழுபத்தி நாலு இஞ்ச். ஆறடி ரெண்டு இஞ்ச்! நான் அஞ்சடி ஒரு இஞ்ச். அந்தப் புடலங்காய் என்னைவிட ஒரு அடிக்கு மேல உசரம்.

சேச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "மேரிக்கு ஒருநாளும் எழுபத்தி ரெண்டு தாண்டினதில்லை."

ஒரு மூங்கில் பட்டையோட சேர்த்து வச்சு, ஈரத் தோர்த்து சுத்தி, நாலு இடத்துல துணி ரிப்பனால கட்டினோம். தோர்த்துன்னா நம்மூர்த் துண்டு. அது அஞ்சடிதான் இருந்துச்சு. நுனி ஒரு அடி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

"அதையும் மூடிடலாமா சேச்சி?"

"வேண்டா. அதுக்குக் காத்து வேணும்."

சரி, காத்து வாங்கட்டும்னு விட்டேன்.

பதினோரு மணிக்குள்ள பார்க்ல இருக்கணும். ஒன்பது மணிக்கே தெருமுனைக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர் என் தோளைப் பார்த்தார். வெள்ளைத்துணி சுத்தி, அங்கங்க கட்டுப்போட்டு, ஆறடி நீளத்துல ஒரு உருப்படி.

"சேச்சி... இதாரு?"

"யாரும் இல்ல சேட்டா. படவலங்கா."

அவர் நம்பலை. இறங்கி வந்து நுனியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் உள்ள வச்சுப் பார்த்தோம். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி வெளிய நீட்டுச்சு.

"போற வழியில ஆளுங்களைக் குத்தினா போலீஸ்கிட்ட யாரு பேசுறது, நீங்களா, படவலங்காயா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார்.

சரி, படகுத்துறை பக்கம்தானே, பஜார் ரோடு வழியா நடந்துடலாம்னு காயைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டேன். முன்னாடி மூணடி, பின்னாடி மூணடி. நடந்தா ரெண்டு முனையும் மெதுவா மேலயும் கீழயும் ஆடுது. காவடி எடுத்த மாதிரியே ஒரு நடை வந்துடுச்சு எனக்கு.

போன் அடிச்சுது. சேச்சி.

"மோளே, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் சேச்சி. கொஞ்சம் தோள்தான் வலிக்குது."

"நீயில்லடீ. அது எப்படி இருக்கு?"

"அதுவும் நல்லா இருக்கு."

பஜார் ரோடு பத்தித் தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ரெண்டு பக்கமும் மளிகைக் கோடவுன். அரிசி, மிளகு, இஞ்சி, எல்லாம் மூட்டை மூட்டையா இறங்கும். கீழ சிந்துறதைத் தின்னு தின்னே அந்த ரோட்டு ஆடுங்க எல்லாம் கன்னுக்குட்டி சைஸ்ல இருக்கும். யாரோட ஆடுன்னு யாருக்கும் தெரியாது. லாரி ஹாரன் அடிச்சாலும் நகராது.

நான் காவடி நடை போட்டுப் போயிட்டு இருக்கேன். சுமை தூக்குற சுமட்டுத் தொழிலாளிங்க நாலைஞ்சு பேரு மூட்டைமேல உக்காந்து சாயா குடிச்சிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஒருத்தர் கையை ஆட்டிக் கத்தினார்.

"சேச்சீ! ஆடு! ஆடு!"

எனக்குக் கோபம் வரலை. ஓணக் காலம். எல்லாரும் குஷியில இருப்பாங்க. ஒரு பொம்பளை காவடி மாதிரி தூக்கிட்டு வந்தா கிண்டல் பண்ணத்தான் செய்வாங்க. நானும் ஒண்ணும் உம்மணாமூஞ்சி இல்லையே!

ரெண்டு ஸ்டெப் ஆடினேன்.

ஆமாங்க. நடுரோட்ல, இடுப்பை இந்தப் பக்கம் ஒருவாட்டி, அந்தப் பக்கம் ஒருவாட்டி.

அவங்க சிரிக்கலை. எல்லாரும் எந்திரிச்சு நின்னு இன்னும் சத்தமா, "அய்யோ சேச்சீ, ஆடு! ஆடு!"

இவ்வளவு ஆசையாக் கேக்குறாங்களேன்னு ஒரு சுத்து சுத்தினேன். அப்பதான் பின்னாடி யாரோ இழுக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பினேன். காயும் கூடவே திரும்பிச்சு. காயோட சேர்ந்து, அதோட நுனியை வாயில கவ்வினபடி, ஒரு கறுப்பு ஆடும் சுத்தி வந்துச்சு.

தமிழ்லயும் ஆடு, மலையாளத்துலயும் ஆடு. ஆனா இந்த ஊர்ல யாரும் ஒரு பொம்பளையை நடுரோட்ல ஆடச் சொல்லமாட்டாங்கன்னு பதினோரு வருஷத்துல எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?

சுமட்டுக்காரங்க ஓடி வந்து ஆட்டை விரட்டினாங்க. அது மெதுவா மென்னுக்கிட்டே போச்சு. நான் கைப்பையில இருந்து டேப்பை எடுத்து, அங்கேயே ரோட்ல உக்காந்து அளந்தேன். எழுபது இஞ்ச். நாலு இஞ்ச் ஆட்டு வயித்துல.

போன் அடிச்சுது.

"மோளே, இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா... காத்து வாங்குது சேச்சி."

பொய் இல்லையே. நுனியில பெரிய ஓட்டை. காத்து நல்லாவே போச்சு.

திரும்பிப் போயிடலாமான்னு நெனச்சேன். சேச்சி வீங்கின காலோட ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பாங்களே, எந்த முகத்தோட போறது? மேரியோடது அறுபத்தொன்பதா இருந்தாலும் நாம ஜெயிச்சிடலாமே! அந்த ஒரு நம்பிக்கையில படகு ஏறினேன். காயைச் செங்குத்தா பிடிச்சுக்கிட்டு நின்னேன். என்னைச் சுத்தி ரெண்டு சீட்ல யாரும் உக்காரலை. ஒரு அம்மா மட்டும் வெள்ளைத்துணியைப் பார்த்துட்டு மெதுவா சிலுவை போட்டுக்கிட்டாங்க.

பார்க்ல நுழைஞ்சப்போ பத்தரை. செண்டை மேளம், பலூன், பாயச வாசனை, ஜனமோ ஜனம். ராத்திரி பெஞ்ச மழையில புல்லெல்லாம் சொதசொதன்னு கிடந்துச்சு. எங்க பதிவு பண்றதுன்னு வரிசையா இருந்த மேசைகளைப் பார்த்தேன். ஒவ்வொண்ணுக்கும் மேல மலையாளத்துல போர்டு.

இங்கதான் என் படிப்பு வேலை செஞ்சுது.

புடலங்காய்க்கு மலையாளத்துல படவலம். கயிறு இழுக்கிறதுக்கு வடம்வலி. மலையாள எழுத்துல ப-வும் வ-வும் பார்க்கறதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். நான் எழுத்துக் கூட்டினேன். "ப... ட... வ... ல..." ஆ! இதேதான்! போய் நின்னுட்டேன்.

மேசையில ஒரு பொண்ணு நிமிராமலே கேட்டுச்சு. "பேரு?"

"உமா. மட்டாஞ்சேரி."

"எத்தர கிலோ?"

நீளத்துக்குத்தானே பரிசு, எடை எதுக்குன்னு தோணிச்சு. ஆனாலும் தோள்ல வச்சு ஒரு தூக்கு தூக்கிப் பார்த்துட்டுச் சொன்னேன். "ரெண்டரை கிலோ இருக்கும்."

அது நிமிர்ந்து என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துச்சு. ஒரு பெரிய சிரிப்பு சிரிச்சுது. நோட்டுல அறுபத்தெட்டுன்னு எழுதிக்கிச்சு.

"கூட எத்தர பேர்?"

"ஒண்ணுதான் கொண்டு வந்தேன்."

"ஒத்தைக்கு வந்தீங்களா? பரவால்ல. ஒரு டீம்ல ஒரு ஆள் குறையுது. சேர்த்துடறேன்."

புடலங்காயில டீம் எல்லாம் உண்டு போலன்னு நெனச்சுக்கிட்டேன். கையில ஒரு நீல ரிப்பன் கட்டிவிட்டுச்சு. இதைக் காய்ல கட்டாம என் கையில எதுக்குக் கட்டுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கலை.

அந்தப் பக்கம் ஒரு பந்தல்ல பூசணி, சேனை எல்லாம் அடுக்கி வச்சிருந்தாங்க. புடலங்காய்க்காரங்க வரிசை அங்க நின்னுச்சு. நான் கடைசியில போய் நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பளிச்சுனு ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவை. அவங்க காய் ஒரு பலகைமேல வாழை இலை விரிச்சு ராஜகுமாரி மாதிரி படுத்திருந்துச்சு.

அவங்க திரும்பி என் காயைப் பார்த்தாங்க. "அய்யோ மோளே! இதோட வாலு எங்க?"

இவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்த அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. ஆடு, டான்ஸ், சுமட்டுக்காரங்க எல்லாத்தையும் சொன்னேன். அவங்க சிரிக்கலை. முந்தானையால என் மூக்கைத் துடைச்சுவிட்டாங்க. பைக்குள்ள இருந்து கத்தி எடுத்து, ஆடு கடிச்ச பிசிறை மட்டும் நறுவிசா சீவிவிட்டாங்க. என் காய்க்கும் தண்ணி தெளிச்சாங்க.

இப்படி ஒரு நல்ல மனுஷி கிடைச்சா நான் சும்மா இருப்பேனா? மிச்சத்தையும் கொட்டினேன்.

"இது என்னோடது இல்லைங்க. பக்கத்து வீட்டுச் சேச்சியோடது. அவங்க கால் வீங்கிக் கிடக்காங்க. பாவம், நாலு வருஷமா ரெண்டாவது இடம். எல்லாம் அவங்க தங்கச்சி பண்ற வேலை."

"ஆணோ?"ன்னாங்க அவங்க. அப்படியான்னு அர்த்தம்.

"ஆமாங்க. காம்போட சேர்த்து அளக்க வச்சு ஜெயிக்கிறாளாம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தானாம். அக்கா ரிப்பனையெல்லாம் எடுத்துக் கட்டிக்குவாளாம்."

"ஆணோ? பின்னே?"

"வாய் வேற காதுவரைக்கும் நீளமாம்."

அவங்க வாயைத் தொட்டுப் பார்த்துக்கிட்டாங்க. நான் அதைக் கவனிச்சேன். ஏன்னுதான் கேக்கலை.

"காலு எப்ப வீங்கினது?"

"திங்கக்கிழமை. டாக்டர்கிட்ட போக மாட்டேங்கிறாங்க."

அந்த நேரம் மைக்ல என் பேர் கேட்டுச்சு. "மட்டாஞ்சேரி உமா! உடனே களத்துக்கு வரணும்!"

"கூப்பிட்டுட்டாங்க!"ன்னு நான் காயைத் தூக்குறதுக்குள்ள, நீல பனியன் போட்ட ஒரு பெரிய சேச்சி வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. ரிப்பனைப் பார்த்தாங்க. "உமா இல்லே? வா வா! ஏழு பேர் காத்து நிக்கிறோம்! இதை இங்க வை!"

"இதை வச்சிட்டா எப்படிங்க? இதுக்குத்தானே..."

"ஞான் நோக்கிக்கோளாம் மோளே. நான் பார்த்துக்கறேன், போயிட்டு வா"ன்னு கசவுப் புடவை அம்மா என் காயை வாங்கிக்கிட்டாங்க.

நீல பனியன் என்னை இழுத்த இழுப்புல ஒரு செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. அதை எடுக்கக்கூட விடலை. எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு புரியறதுக்குள்ள என் கையில ஒரு கயிறு இருந்துச்சு. தாம்புக்கயிறு இல்லீங்க. என் முழங்கை தண்டிக்கு ஒரு வடம்.

"நீ கடைசி. நங்கூரம்"ன்னாங்க. "அறுபத்தெட்டு கிலோ. நம்ம டீம்லயே நீதான் கனம்."

அவமானப்படறதுக்குக்கூட நேரமில்லை. விசில் அடிச்சிட்டாங்க.

நான் வாழ்க்கையில இழுத்ததெல்லாம் தையல் மெஷின்ல நூல். ஆனா அந்த ஏழு பேரும் "ஹோய்! ஹோய்!"னு சாய்ஞ்சப்போ எனக்கும் ஒரு வேகம் வந்துடுச்சு. வெறுங்காலைச் சேத்துல ஊனி இழுக்கிறேன். எதிர் டீம் நகருது! ஜனங்க கத்துறாங்க! இன்னும் ரெண்டடி, ஜெயிச்சுடுவோம்! என்னை அறியாம நானும் "ஹோய்!"ங்கறேன்.

அப்பதான் காய்கறிப் பந்தல் மைக் பேசிச்சு.

"அடுத்தது, நாலு வருஷமா ஜெயிச்சிட்டு இருக்கிற கும்பளங்கி மேரி!"

கயித்தைப் பிடிச்சபடியே தலையைத் திருப்பினேன். பந்தல்ல ஒரு கை உயர்ந்துச்சு. கசவுப் புடவை. ஒரு பக்கம் அவங்க புடலங்காய். இன்னொரு பக்கம் என் புடலங்காய். இடுப்புல கத்தி.

நான் கையை விட்டுட்டேன்.

நங்கூரம் கையை விட்டா என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. நேத்து பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். ஏழு பேரும் ஒருத்தர் முதுகுமேல ஒருத்தர் விழுந்து, ஈரப்புல்லுல சர்ர்ருனு எதிர்ப்பக்கம் வரைக்கும் வழுக்கிட்டுப் போனாங்க. நெத்திலி காயப்போட்ட மாதிரி வரிசையா கிடந்தாங்க. நீல பனியன் சேச்சி முகத்தைத் தூக்கி, "எடீ உமா!"ன்னு கத்துனது மட்டும் கேட்டுச்சு. நான் ஓடிட்டு இருந்தேன்.

ஒரு கால்ல செருப்பு, முழங்கால் வரைக்கும் சேறு. பந்தலுக்குள்ள பாய்ஞ்சு, நடுவர் சார் டேப் பிடிக்கிற நேரத்துல கத்தினேன். "அளக்காதீங்க! காம்பு! காம்பைப் பாருங்க! இவங்கதான் மேரி!"

பந்தல்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. செண்டை மேளம்கூட நின்ன மாதிரி இருந்துச்சு.

நடுவர் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் காய் உங்களோடதா?"

"ஆமா சார்."

"பதிவே பண்ணலை. அடிபட்ட காய், எடுக்க முடியாதுன்னு சொன்னேன். இந்த அம்மாதான் அஞ்சு நிமிஷமா என்னோட சண்டை போடறாங்க. ஆடு கடிச்சா அதுக்குக் காய் வளர்த்தவங்க என்ன செய்வாங்க, இதை அளக்காம என்னோடதை அளக்கக்கூடாதுங்கறாங்க. பதிவுக்குப் பேரும் அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

நோட்டை எட்டிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டினேன். ரோஸி, மட்டாஞ்சேரி. இந்தவாட்டி சரியா வாசிச்சேன்.

மேரி சேச்சி என்னைப் பார்த்து, "காம்பை வெட்டிட்டுத்தான் மோளே எப்பவும் அளப்பாங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. நாலு அறை விட்டிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

அளந்தாங்க. மேரி சேச்சியோடது எழுபத்தொண்ணு. எங்களோடது எழுபது.

ஒரே ஒரு இஞ்ச்!

மேரி சேச்சி ரெண்டு காயையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "ஆடு தின்னது எத்தனைன்னு சொன்னே?"

"நாலு இஞ்ச்."

"அப்போ எழுபத்தி நாலு." எங்க காயை மெதுவா தடவிக் கொடுத்தாங்க. "பிளாஸ்டிக் பையில வளர்த்து எழுபத்தி நாலு. நல்லாத்தான் வளர்த்திருக்கா, கள்ளி."

இப்ப பரிசை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.

மேடையில பேரைக் கூப்பிட்டாங்க. மேரி சேச்சி புடவையைச் சரிபண்ணிக்கிட்டு, விறுவிறுன்னு போய்ப் பரிசை வாங்கிட்டு வந்தாங்க. ஒரு மண்வெட்டி, ஒரு மூட்டை எலும்பு உரம்.

"என்ன பார்க்கிறே? ஜெயிச்சது நான்தானே? வா, மட்டாஞ்சேரிக்கு நானும் வர்றேன். அவ காலைப் பார்க்கணும்."

உர மூட்டையை யார் தூக்கினதுன்னு கேக்குறீங்களா? அறுபத்தெட்டு கிலோன்னு நோட்டுலயே எழுதியிருக்கே, வேற யாரைத் தூக்கச் சொல்லுவாங்க?

படகுல ரெண்டு புடலங்காய், ஒரு மண்வெட்டி, ஒரு மூட்டை உரம், ஒத்தைச் செருப்போட நான். போன் பத்துவாட்டி அடிச்சுது. எடுக்கலை. மேரி சேச்சி ஜன்னல் ஓரமா உக்காந்து வெளியவே பார்த்துட்டு வந்தாங்க. வல்லார்பாடம் பக்கம் பெரிய கப்பல் ஒண்ணு நின்னுச்சு. அதைப் பார்த்துக்கிட்டே திடீர்னு கேட்டாங்க.

"ரிப்பன் கதையும் சொன்னாளா?"

"சொன்னாங்க."

"அந்த ரிப்பன் என்னோடது."

வீட்டுக்கு வந்தோம். ரோஸி சேச்சி ஜன்னல்ல. முதல்ல என்னைப் பார்த்தாங்க. அப்புறம் காயை. அப்புறம் எனக்குப் பின்னாடி வந்த ஆளை. முகம் கடுகடுன்னு ஆயிடுச்சு.

மேரி சேச்சி உள்ள போய், மண்வெட்டியைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு, கட்டில் பக்கத்துல உக்காந்தாங்க.

"காலைக் காட்டு."

"காட்ட மாட்டேன்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"உன்னை யாரு கூப்பிட்டா?"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவங்க பேசிக்கிட்ட முதல் வார்த்தைங்க இதுதான். இதுக்கு நடுவுல புகுந்து உண்மையைச் சொல்லிட்டா தப்பிச்சிடலாம்னு எனக்குத் தோணிச்சு. ஒரே மூச்சுல சொன்னேன். "சேச்சி, நான்தான் தப்பு பண்ணிட்டேன். ஆடு நாலு இஞ்ச் தின்னுடுச்சு. இல்லாட்டி நீங்கதான் ஃபர்ஸ்ட். ஒரு இஞ்ச்ல போச்சு!"

ரோஸி சேச்சி கண்ணை மூடித் திறந்தாங்க. நான் அழுகைக்குத் தயாரானேன்.

"ஆடு போகட்டும்டீ. என் கால் விஷயத்தை இவகிட்ட சொல்லச் சொன்னது யாரு?"

"அக்கா கால் வீங்கினதை எனக்குத் திங்கக்கிழமையே போன் பண்ணிச் சொல்லாம நீ என்னடீ பண்ணிட்டு இருந்தே?"ன்னு மேரி சேச்சி என் பக்கம் திரும்பினாங்க.

"அவ நம்பர் உனக்கு எதுக்கு?"ன்னாங்க ரோஸி சேச்சி, அதுவும் என்னைப் பார்த்து.

அடுத்த கால்மணி நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க. ஒருத்தர் விட்ட இடத்துல இருந்து இன்னொருத்தர் எடுத்துக்கிட்டாங்க. என்னா ஒற்றுமை! நடுவுல எப்போ நடந்துச்சுன்னு தெரியலை, வீங்கின கால் தங்கச்சி மடியில இருந்துச்சு. மேரி சேச்சி தைலம் தேய்ச்சுக்கிட்டே திட்டிட்டு இருந்தாங்க. எழுபத்தி நாலுங்கிறதை ரோஸி சேச்சி தங்கச்சி வாயால நாலுவாட்டி சொல்ல வச்சாங்க. நாலுவாட்டியும் மேரி சேச்சி, "ஆனா பரிசு எனக்குத்தான்"னு சேர்த்துக்கிட்டாங்க.

சாயங்காலம் ரெண்டு பேரும் சமையலறையில. ஒருத்தர் ஸ்டூல்ல உக்காந்து தேங்காய் துருவ, ஒருத்தர் அடுப்புல நிக்க, தோரன்னு சொல்ற புடலங்காய்ப் பொரியலுக்குப் பச்சை மிளகாய் எத்தனைன்னு சண்டை. மேரி சேச்சி ஒரு வாரம் இங்கதான் தங்கப் போறாங்களாம்.

எனக்கு ஒரு பெரிய தூக்குவாளியில தோரன் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொரு தூக்குல பருப்புப் போட்ட கூட்டு வந்துச்சு. அப்புறம் சமைக்காத துண்டுகளும் வந்துச்சு, "உங்க ஊர் மாதிரி ஏதாவது வச்சுக்கோ மோளே"ன்னு. எழுபதும் எழுபத்தொண்ணும் சேர்த்தா கிட்டத்தட்ட பன்னெண்டு அடி.

மணி கோடவுன்ல இருந்து வந்து சாப்பிட உக்காந்தார். தட்டைப் பார்த்தார். பக்கத்துல இருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

"இது எப்போ முடியும்?"

நான் டேப்பால அளந்து பார்த்துட்டுச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை."